கேஸுக்கு அதே பஸ்ஸில் வந்தவர்

காலை பத்தரை மணி, இருபத்தோரு கேஸ், முதல் பெயர் வேலாத்தாள்: தொண்ணூறுகளில் கோவை கோர்ட்டுக்குப் போய்வந்த ஒரு தினசரி நிருபருக்கு வேலை இப்படித்தான் தொடங்கும். கொலை வழக்கு நடக்கும் ஹாலுக்கு எல்லா நிருபர்களும் போவார்கள். விபத்தில் அடிபட்டவர்கள் இழப்பீடு கேட்கும் ஹாலுக்கு நான் மட்டும் போவேன். இரக்கம் காரணமல்ல. அந்த ஹாலில் மின்விசிறி ஓடியது.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேராவது ஏதாவது ஒரு கோர்ட் வராந்தாவிலோ ஆஸ்பத்திரி பெஞ்சிலோ பெயர் கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருப்பீர்கள். காலையிலிருந்து அசையாமல் இருந்துவிட்டு, கூப்பிட்ட நேரத்தில் சரியாக டீ குடிக்கப் போயிருப்பீர்கள். எனவே உங்களுக்கு நான் விளக்க வேண்டியது அதிகமில்லை. அந்த ஹாலில் பார்த்தவற்றில் நினைவில் நிற்கும் சிலவற்றைச் சொல்கிறேன். எதை எடுத்தாலும் வேலாத்தாளிடம் வந்து நிற்கிறது. அதை என்னால் மாற்ற முடியவில்லை.

மார்க்

கோர்ட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. அடிபட்டவரை டாக்டர்கள் பரிசோதித்து, உடம்பில் இத்தனை சதவீதம் ஊனம் என்று எழுதித் தருவார்கள். தொகையை முடிவு செய்வதில் அதற்குப் பெரிய இடம். அதனால் பரீட்சை முடிவு வந்த நாளின் பள்ளிக்கூட வாசல் போல இருக்கும் அந்தக் கடை. "உங்களுக்கு எத்தனைங்க?" "முப்பதுங்க." "எனக்கு நாப்பத்தஞ்சு போட்டாங்க." நாற்பத்தைந்து வாங்கியவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். முப்பது வாங்கியவர், டாக்டர் அன்றைக்கு அவசரத்தில் இருந்தார் என்பார்.

தொண்ணூற்றைந்தில் வேலாத்தாளை அங்கேதான் முதலில் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். கணவர் இறந்துவிட்டார், பத்தாவது படிக்கும் செல்வி ஒரே மகள். இரண்டு வருஷத்துக்கு முன்பு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் அரசு பஸ் பாறையில் உரசியது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த வேலாத்தாளின் வலது கை நசுங்கியது. விரல்கள் ஐந்தும் மிஞ்சின, ஒன்றும் மடங்கவில்லை. டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஏந்தித்தான் குடித்தார்.

எஸ்டேட்டில் அவருக்குக் கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். அதற்கு ஒரு கெடு இருந்தது. மகளுக்குப் பதினெட்டு ஆகிப் பள்ளிக்கூடமும் முடிந்ததும், தாயின் இடத்தில் மகள் கொழுந்து பறிக்க வர வேண்டும். வராவிட்டால் தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கொடுத்திருக்கும் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் இழப்பீடு வந்துவிட்டால் கீழே பொள்ளாச்சிப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டு, செல்வியை நர்ஸ் படிப்பில் சேர்ப்பது வேலாத்தாளின் திட்டம். கட்டுப் போட்ட கையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தனக்குத் தலை வாரிவிட்ட ஒரு நர்ஸைப் பார்த்து வந்த ஆசை. இவ்வளவையும் முதல் டீ முடிவதற்குள் என்னிடம் சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்தவர் உங்களுக்கு எத்தனை என்று கேட்டார். முப்பத்தெட்டு என்று சொல்லிவிட்டு, குறைந்துபோன வருத்தத்தோடு சேர்த்துக்கொண்டார்: "என்ற புள்ளை கணக்குல வாங்குனதே இதைவிடச் சாஸ்திங்க."

நாலு வரி

அன்று மாலை ஆபீஸில் வேலாத்தாளைப் பற்றி ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். செய்தி ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். கெட்ட மனிதர் அல்ல. இருபது வருஷமாகத் தினமும் இடமில்லை என்று சொல்லிச் சொல்லி அப்படி ஆகிவிட்டார். "கை போயிருச்சா, இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது, மடங்கவில்லை என்றேன். பேனாவை எடுத்து என் பத்தியின் மேல் பாதியை அடித்தார். பிறகு கீழ்ப் பாதியையும் அடித்தார்.

அந்தக் காலத்தில் எங்கள் பத்திரிகையின் அளவுகோல் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஒருவர் வாயால் கேட்டது அன்றுதான்: "ஆள் போனா ரெண்டு பத்தி, கை போனா நாலு வரி, அரசு பஸ்ஸை ஜப்தி பண்ணினா படத்தோட போடறேன். மடங்காத கையை வெச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்றது?"

மாப்பிள்ளை

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். கோபிசெட்டிபாளையத்து வாழைக்காய் வியாபாரி ஒருவரின் மகன், மொபெட்டில் போகும்போது வேன் இடித்துக் காலில் கம்பி வைத்தவன். அவனுடைய வக்கீல் அன்று நன்றாகவே வாதாடினார். மனுதாரரால் சம்மணமிட்டு உட்கார முடியாது, மாடிப்படி ஏற முடியாது, இனி இவருக்கு யார் பெண் கொடுப்பார்கள், திருமண வாய்ப்பே போய்விட்டது, அதற்கும் சேர்த்துத் தொகை வேண்டும் என்று கையை விரித்தார். பையனின் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பின் பெஞ்சில், தன் கேஸுக்காகக் காத்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து நின்றார். அவருடைய தங்கை மகளைத்தான் போன வாரம் இந்தப் பையனுக்குப் பேசி முடித்திருந்தார்களாம். கால் லேசாகச் சுளுக்கியிருக்கிறது, ஆடி கழிந்தால் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தார்களாம். வராந்தாவில் அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். பெரியவர் குரலை உயர்த்தவே இல்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் கோபம் வந்தால் மரியாதையைக் கூட்டுவார்களே தவிரக் குறைக்க மாட்டார்கள். "ஏனுங்க, நீங்க கேஸை நல்லபடியா ஜெயிங்க. தோத்துப் போனீங்கன்னா சொல்லியனுப்புங்க, கல்யாணத்தைப் பத்திப் பேசிக்கலாம்."

முன் சீட்

வேலாத்தாள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சரியான நேரத்துக்கு வந்துவிடுவார். வால்பாறையிலிருந்து அது சின்னப் பயணமல்ல. எப்படி வருகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். விடிவதற்கு முன்னால் புறப்படும் முதல் பஸ்ஸில் என்றார். அதைவிட்டால் கோர்ட் நேரத்துக்கு வேறு பஸ் கிடையாது. சாயங்காலம் திரும்புவதும் அதே பஸ். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். கையை நசுக்கிய பஸ்ஸும் அதுதான். அன்று ஓட்டிய டிரைவர் ஆறுமுகம்தான் இன்றைக்கும் ஓட்டுகிறார். அதாவது, எதிர்மனுதாரர் ஓட்டும் வண்டியில் டிக்கெட் எடுத்து ஏறி, அவர் மீது போட்ட கேஸுக்கு மனுதாரர் வந்துகொண்டிருந்தார்.

ஆறுமுகத்துக்குச் சம்மன் வந்த நாளில் இருவரும் ஒன்றாகவே கோர்ட் வாசலில் வந்து நின்றார்கள். உக்கடத்தில் இறங்கிச் சேர்ந்து டவுன் பஸ் பிடித்தார்களாம். ஐம்பதை நெருங்கிய மனிதர். காக்கிச் சட்டைக்கு மேலே விபூதி. வேலாத்தாளின் பையை அவர்தான் தூக்கி வந்தார். வாசலில் பையைக் கொடுத்துவிட்டு, அவர் எதிர்த்தரப்பு பெஞ்சுக்குப் போனார், இவர் இந்தப் பக்கத்து பெஞ்சுக்கு வந்தார். அடிபட்ட வண்டியிலேயே வர அந்த அம்மாவுக்குப் பயமாக இருக்காதா என்று டிரைவரைக் கேட்டேன். "மொதல்ல நடுங்குவாங்க. இப்ப எனக்குப் பக்கத்துலயே முன் சீட்டைப் போட்டுக் குடுத்துட்டனுங்க. அந்த வளைவு வந்தா மட்டும் கண்ணை மூடிக்குவாங்க, தாண்டினதும் நானே சொல்லிருவேன்."

மரியாதை

வேலாத்தாளின் வக்கீல் சென்னியப்பன் பொறுமையானவர். பஸ் வேகமாக வந்தது, கை கம்பியில்தான் இருந்தது, இரண்டையும் மறக்காமல் சொல்லுங்கள் என்று கூண்டேறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அன்று முதலில் சென்னியப்பன் கேட்டபோது வேலாத்தாள் அப்படியே சொன்னார். பிறகு பஸ் கழகத்தின் வக்கீல் எழுந்தார். மிரட்டும் ரகமல்ல. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவது போல ஆரம்பித்தார்.

"அம்மணி, இன்னைக்கு எப்படி வந்தீங்க?"

"பஸ்லதானுங்க."

"ஓட்டுனது யாருங்க?"

வேலாத்தாள் பெஞ்சில் இருந்த ஆறுமுகத்தைக் காட்டினார். "அந்தண்ணன்தானுங்க."

"சௌரியமா வந்து சேர்ந்தீங்களா?"

"சௌரியத்துக்கு என்னங்க, முன் சீட்டே போட்டுக் குடுத்தாருங்க."

"நல்லா ஓட்டுவாருங்களா?"

எங்கள் ஊரில் ஒருவரை எதிரில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டால் பதில் ஒன்றுதான். "தங்கமா ஓட்டுவாருங்க."

"அப்ப அன்னைக்கு மட்டும் தாறுமாறா ஓட்டினாருன்னு சொல்றீங்களா?"

வேலாத்தாள் ஆறுமுகத்தைப் பார்த்தார். ஆறுமுகம் தரையைப் பார்த்தார். "அவரை அப்படிச் சொல்லக் கூடாதுங்க. புள்ளைகுட்டிக்காரருங்க. நாந்தான் கையை உள்ள இழுக்காம உட்டுப்போட்டேன்." டைப் அடிப்பவர் அதை டைப் அடித்தார். சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்ததும் சென்னியப்பன் விளக்கினார். இழப்பீட்டை டிரைவர் தன் சம்பளத்திலிருந்து தர வேண்டியதில்லை, பஸ் கழகம்தான் தரும், நீங்கள் சொன்னதால் அந்த மனுசனுக்கு லாபமும் பெரிதாக இல்லை என்றார். வேலாத்தாளுக்கு அது புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. கூண்டில் ஏதோ தவறிவிட்டது என்பது மட்டும் வக்கீலின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துவிட்டது. முந்தானையைத் தோளோடு இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க, நான் மரியாதையாத்தானுங்களே பேசினேன்?"

லாரி

இரண்டு மாதம் கழித்து ஆறுமுகம் சாட்சி சொன்னார். வண்டி மெதுவாகத்தான் போனது, அந்த அம்மா கையை வெளியே நீட்டியிருந்தார், தன் மேல் தவறில்லை. மனப்பாடம் செய்த பையன் ஒப்பிப்பது போல நிறுத்தாமல் சொல்லி முடித்தார். சென்னியப்பன் குறுக்கு விசாரணையில் எப்படிக் கேட்டும் வேறு பதில் வரவில்லை.

அதன் பிறகு டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் கேட்கவில்லை. அவராகத்தான் ஆரம்பித்தார். எதிரே வந்த லாரிக்கு நின்று வழி விட்டிருக்க வேண்டும். நிற்காமல் ஒதுங்கிப் பார்த்தார், பாறையில் உரசிவிட்டது. கை வெளியே இல்லை, கம்பியில்தான் இருந்தது, கண்ணாடியில் பார்த்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் சம்பள உயர்வு நிற்கும், அதற்குக்கூடத் தயாராகத்தான் வந்தேன் என்றார். அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. "அந்தம்மா என்னைய ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாங்கன்னா சொல்லியிருப்பனுங்க. தங்கமா ஓட்டுவாருன்னு அத்தனை பேருக்கு முன்னால சொன்னதுக்கப்புறம், அது பொய்யினு நான் எப்படிங்க சொல்றது?"

நம்பர்

தொண்ணூற்றாறு கடைசியில் தீர்ப்பு வந்தது. தவறு டிரைவர் பேரில் பாதி, வேலாத்தாள் பேரில் பாதி என்று எழுதி, வர வேண்டிய தொகையில் பாதியைக் கொடுக்கச் சொன்னார்கள். பாதி வந்தாலும் ஓட்டு வீட்டுக்குப் பதில் வாடகை வீடு பார்த்துக்கொள்ளலாம், செல்வியைப் படிக்கவைத்துவிடலாம் என்று வேலாத்தாள் தேறிக்கொண்டார். அந்தப் பாதியும் வரவில்லை. பஸ் கழகம் கோர்ட் உத்தரவை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தது. அப்படி இருந்தால் அடுத்த வழி ஜப்தி. உத்தரவோடு கோர்ட் ஊழியரான அமீனா பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஓர் அரசு பஸ்ஸைப் பிடித்துக் கோர்ட் வளாகத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். பஸ் நின்றுவிட்டால் பணம் நடந்து வரும். அன்றைய கோவையில் இது அடிக்கடி நடந்த கூத்து.

ஜப்தி மனுவில் ஏதாவது ஒரு பஸ்ஸின் நம்பரைக் குறிப்பிட வேண்டும். வழக்கமாகச் சென்னியப்பன் தன் குமாஸ்தாவை அனுப்பி, கண்ணில் பட்ட டவுன் பஸ்ஸின் நம்பரை எழுதிவரச் சொல்வார். அன்று குமாஸ்தா லீவு. வேலாத்தாளிடமே கேட்டார். அவர் யோசிக்காமல் ஒரு நம்பரைச் சொன்னார். வால்பாறை பஸ்ஸின் நம்பர். வேறு எந்த பஸ்ஸாக இருந்தாலும் போதும், டவுன் பஸ்தான் நமக்குத் தோது என்று சென்னியப்பன் எடுத்துச் சொன்னார். வேலாத்தாளுக்கு அது அநியாயமாகப் பட்டது. "அதெப்படிங்க, வேற வண்டி எனக்கு என்ன பண்ணுச்சு? இதுதானுங்களே என்ற கையை நசுக்குச்சு."

உக்கடம்

ஜப்திக்கு நாள் குறித்தது தொண்ணூற்றேழு ஐப்பசியில். செல்வி அப்போது பன்னிரண்டாவது. மேலே எஸ்டேட்டில், பரீட்சை முடிந்ததும் முடிவு சொல்ல வேண்டும் என்று ஞாபகப்படுத்தியிருந்தார்கள். சாயங்காலம் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் அமீனாவும் சென்னியப்பனின் குமாஸ்தாவும் வேலாத்தாளும் நின்றார்கள். செய்தி ஆசிரியர் சொன்னபடி நான் போட்டோகிராபரோடு போயிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. வால்பாறை பஸ் வந்து நின்றதும் ஜனம் ஏறி நிரம்பியது. ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிறவர்கள், அரிசி மூட்டைக்காரர்கள், மலையில் வேலை செய்கிற வாத்தியார் ஒருவர். பாதிப் பேர் வேலாத்தாளுக்குத் தெரிந்தவர்கள். ஏன் ஏறவில்லை, இடம் பிடித்து வைக்கட்டுமா என்று ஜன்னல் வழியாகக் கேட்டார்கள்.

அமீனா உத்தரவை விரித்தார். "இந்த வண்டிதானான்னு நீங்க காட்டணும்மா. காட்டினதும் எல்லாரையும் எறக்கிருவேன்."

வேலாத்தாள் பஸ் ஜன்னல்களைப் பார்த்தார். ஆறுமுகம் விஷயத்தைப் புரிந்துகொண்டு டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி வந்தார். சாவியை உருவிக் கையில் வைத்திருந்தார். அதை அமீனாவை நோக்கி நீட்டியபடியே வேலாத்தாளிடம் சொன்னார்: "காட்டுங்கம்மணி. இதுதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"சும்மா இருங்கண்ணா. உள்ள பாருங்க, நம்ம பார்வதி பச்சைக் குழந்தையோட உக்காந்திருக்கறா. மழை வேற. இதை நிறுத்திப்போட்டா இவுங்கெல்லாம் எப்படி மேல போவாங்க?"

"ராத்திரிக்கு எங்கியாச்சும் தங்கிக்குவாங்க. உங்க புள்ளையை நினைச்சுப் பாருங்க."

"நினைக்காமயா இருக்கறேன்?" என்றார் வேலாத்தாள். முதல் தடவையாக அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "நாளைக்கு லைன்ல இவுங்க மூஞ்சியில நான் முழிக்க வேண்டாமுங்களா?"

மழை வலுத்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். போட்டோகிராபர் கேமராவைத் துண்டால் மூடினார். வேலாத்தாள் இடது கையால் கம்பியைப் பிடித்து பஸ்ஸில் ஏறினார். அவருக்கும் ஊர் போக வேறு பஸ் இல்லை. முன் சீட் காலியாக வைக்கப்பட்டிருந்தது. ஆறுமுகம் சாவியைப் பார்த்தார், அமீனாவைப் பார்த்தார், பிறகு போய் வண்டியைக் கிளப்பினார். பஸ் நகரும்போது வேலாத்தாள் ஜன்னலில் குனிந்து கூப்பிட்டார்: "அமீனா சார், கோவிச்சுக்காதீங்க! வண்டி காலியா வர்றப்ப ஒரு நாளைக்குப் புடிச்சுக்கலாமுங்க!"

செய்தி

வால்பாறை பஸ் எந்தக் காலத்தில் காலியாக வந்தது? மனுதாரர் வண்டியை அடையாளம் காட்டவில்லை என்று எழுதி அமீனா உத்தரவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். புது மனு போட வேண்டும், புது நாள் வாங்க வேண்டும். ஆபீஸுக்கு நனைந்துபோய்த் திரும்பிய எங்களைச் செய்தி ஆசிரியர் ஏறிட்டுப் பார்த்தார். முதல் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் படத்துக்கு இடம் விட்டு வைத்திருந்தார். நடந்ததை முழுக்கச் சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டார். அவருடைய ஊரும் மலையடிவாரம்தான். பிறகு அந்த இடத்துக்கு ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்தை எடுத்து வைத்தார். "பஸ் போயிருச்சுன்னா அது செய்தி இல்லப்பா. தினமும் போறதுதான."

லீவு

அடுத்த மனுவில் சென்னியப்பன் வேலாத்தாளைக் கேட்காமல் ஒரு டவுன் பஸ்ஸின் நம்பரை எழுதினார். ஆனால் நாள் கிடைக்கவில்லை. தொண்ணூற்றெட்டின் முதல் மாதங்களில், குண்டுவெடிப்புக்குப் பிறகு கோவை இருந்த நிலையில், ஊரில் பஸ் ஓடுவதே பெரிய காரியமாக இருந்தது. அதைப் பிடித்து நிறுத்தச் சொல்லி யாரிடம் கேட்பது? அதன்பின் மே மாத விடுமுறை. கோர்ட் திறந்ததும் நாள் குறித்தார்கள். அமீனா புறப்படுவதற்கு முன்பே, பஸ் கழகம் பணத்தைக் கோர்ட்டில் கட்டிவிட்டது. ஒன்றரை வருஷம் கட்டாததற்கும் காரணம் சொல்லவில்லை, அன்றைக்குக் கட்டியதற்கும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் வேலாத்தாள் செக் வாங்க வந்தார். அதே முதல் பஸ், அதே முன் சீட். கையெழுத்துப் போட முடியாததால் பெருவிரலைப் பிடித்து மை ஒற்றினார்கள். வலது பெருவிரல் சரியாகப் பதியவில்லை, இடதை வைத்தார்கள். பிறகு அமீனாவைத் தேடிப் போய், அன்றைக்கு மழையில் அலைய வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். ஆறுமுகம் வாசலிலேயே நின்றுகொண்டார். கோர்ட்டுக்குள் வரவில்லை.

டீக்கடையில் எல்லோருக்கும் வேலாத்தாள்தான் டீ சொன்னார். சென்னியப்பன், இப்படிப்பட்ட நாளில் மகளைக் கூட்டி வரக் கூடாதா, இத்தனை வருஷம் அந்தப் பெண்ணுக்காகத்தானே நடந்தோம், ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லையே என்றார். வேலாத்தாள் டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். ஆறுமுகம் எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார், ஆகியிருக்கவில்லை. "கூட்டியாரலாம்னுதானுங்க இருந்தேன்," என்றார் வேலாத்தாள். "கொழுந்து சீசனுங்க. புதுசாச் சேர்ந்த புள்ளைக்கு லீவு குடுக்க மாட்டீங்கறாங்க."

கை, கால், கண் என்று எல்லாவற்றுக்கும் சதவீதம் போடத் தெரிந்த ஒரு வழக்கு முறையில், மரியாதைக்கு எத்தனை என்று மட்டும் கடைசிவரை யாரும் எழுதித் தரவில்லை.

1998 ஜூன் மாதம் முதல் திங்கட்கிழமை செல்வி எஸ்டேட் வேலைப் பதிவில் சேர்ந்தாள்; நர்ஸ் படிப்புக்கு ஜூலையோடு ஆள் சேர்த்து முடித்தார்கள்; பணம் ஆகஸ்டில் வந்தது.